ஏகாதசியன்று அளந்த கரண்ட்

எங்கள் குடியிருப்புக்கு ஷீல்டு கிடைத்திருக்கிறது. வாழ்த்துச் சொல்ல நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விழா. கன்டோன்மென்ட் பக்கம் ஒரு ஹோட்டல். ஹாலுக்குள் நுழைந்ததுமே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்ள வேண்டியிருந்தது... அப்படியொரு ஏசி. மேடையில் வரிசையாக விளக்குகள். பின்னால் பெரிய திரையில் ஒரு பச்சை இலை சுற்றிக்கொண்டே இருந்தது. உச்ச நேரத்தில் மின்சாரப் பயன்பாட்டைக் குறைத்த சிறந்த குடியிருப்பு என்று எங்கள் பெயரை வாசித்தார்கள்.

அப்போது மணி ஏழு. உச்ச நேரம் என்பதே அதுதான். ஹாலில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும் — விழா என்றால் தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறவள் நான். இதற்கு மட்டும் ஏன் போனேன்? ஸ்டெல்லாவின் பெயரை யாராவது ஒருவர் சொல்லுவார்களா என்று பார்க்கத்தான். நன்றியுரை சொன்னவர் மைக் செட்காரர் வரைக்கும் நன்றி சொன்னார். ஸ்டெல்லாவை அவருக்கு ஞாபகம் வரவில்லை.

யார் இந்த ஸ்டெல்லா?

ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக்கரைப் பக்கம் இருக்கிறது எங்கள் அடுக்குமாடி. கார் நிறுத்தும் இடத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. ஜெனரேட்டர் வைப்பதற்கென்று பில்டர் கட்டினார். ஜெனரேட்டர் வரவே இல்லை. வாடகைக்கு ஸ்டெல்லா வந்தாள். கணவர் தவறிவிட்டார், பாலக்கரையில் அண்ணன் வீட்டில் இருந்தவள், எத்தனை நாள்தான் இருப்பது என்று கிளம்பி வந்துவிட்டாள். இரண்டு பெரிய கிரைண்டர்களை வாங்கிப் போட்டு இட்லி மாவு அரைத்து விற்க ஆரம்பித்தாள். மகள் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள். அவள் சாப்பாடு, மகளின் படிப்பு எல்லாம் அந்த மாவில்தான் வர வேண்டும்.

அவள் வியாபாரத்துக்கு ஒரு முறை இருந்தது. சாயங்காலம் கோயிலுக்குக் கிளம்புகிறவர்கள் போகிற போக்கில் ஆளுக்கொரு சம்படத்தை அவள் கடை வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். அந்த நேரத்தில்தான் அவள் அரைப்பாள். பெருமாளைச் சேவித்துவிட்டுத் திரும்பும்போது சம்படம் நிறைந்திருக்கும். வீட்டில் கொண்டுபோய் வைத்தால் காலையில் பதமாகப் பொங்கியிருக்கும். எந்தச் சம்படம் யாருடையது என்று எழுதி ஒட்ட வேண்டியதில்லை, அவளுக்கே தெரியும்.

ஏகாதசியன்று மட்டும் கடை கிடையாது. அன்றைக்கு எங்கள் குடியிருப்பில் பாதி வீடுகளில் அடுப்பே எரியாது. மறுநாள் துவாதசி. விடிந்தும் விடியாததுமாகச் சாப்பாடே முடிந்துவிடும், இட்லிக்கு வேலை இல்லை. ஸ்டெல்லா ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள். ஆனால் அடுத்த ஏகாதசி என்றைக்கு என்று எங்களில் பல பேர் அவளிடம்தான் கேட்போம்.

அடுத்தது ரங்கராஜன் சார். எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். எந்த நேரத்தில் எந்த மின்நிலையம் எவ்வளவு உற்பத்தி செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே திட்டம் போடுகிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்லத் தோன்றாமல் போய்விடும்.

கோடை ஆரம்பத்தில் சங்கக் கூட்டத்தைக் கூட்டி அவர் ஒரு வகுப்பே எடுத்தார்.

"நாளைக்கு எந்த நேரத்துக்கு எவ்வளவு கரண்ட் வேணும்னு இன்னிக்கே கணக்குப் போட்டாகணும். கால் மணிக்குக் கால் மணி. அதுக்குத் தக்கபடி அனல், புனல், காத்து, சூரியன்னு பங்கு பிரிக்கணும். மத்தியானம் சூரியன் கொட்டோ கொட்டுன்னு கொட்டறது, எடுத்துக்க ஆள் இல்லை. சாயங்காலம் அது இறங்கறது. சரியா அப்பதான் எல்லாரும் ஆத்துக்கு வந்து ஏசி, டிவி, மிக்ஸின்னு போடறா. அந்தக் கரண்ட்டுக்கு எங்கே போறது, சொல்லுங்கோ."

முன்பெல்லாம் ஜனங்கள் கேட்கக் கேட்க உற்பத்தியைக் கூட்டிக்கொண்டே போனார்களாம். இனிமேல் உற்பத்தி எப்போது இருக்கிறதோ அப்போது ஜனங்கள் கேட்க வேண்டுமாம். டிமாண்ட் ரெஸ்பான்ஸ் என்று பெயர். துணியை மத்தியானம் துவைத்துக்கொள், தண்ணீர் மோட்டாரை மத்தியானம் போட்டுக்கொள் — அவ்வளவுதான். நியாயம்தானே? நானும் தலையாட்டினேன். இப்போதும் அது நியாயம் என்றுதான் சொல்லுவேன். யார் நகர்ந்துகொள்வது என்பதில்தான் தகராறு.

ஒரு தனியார் கம்பெனி இதைச் சோதனை முறையில் செய்துபார்க்க முன்வந்தது. கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒருவர் லேப்டாப்போடு வந்தார். முதலில் எங்கள் வழக்கமான பயன்பாட்டை அளந்தார்கள். அப்புறம் ஒரு நாள் சோதனை. அன்றைக்கு எல்லோரையும் குறைக்கச் சொல்லி, எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பது. அன்று எவ்வளவு குறைகிறதோ அதுதான் இனி எங்களுக்கு இலக்கு. அதைத் தினமும் தொட்டால் ஷீல்டு. எந்த நாள் வசதி என்று கேட்டார்கள். ரங்கராஜன் சார் யோசித்து ஒரு நாளைச் சொன்னார்.

"அன்னிக்கு எனக்கு உபவாசம். சாப்பாடு, தூக்கம்னு ஒண்ணும் கிடையாது. நாள் பூரா கூடவே இருந்து பார்த்துப்பேன்."

புரிகிறதா? ஏகாதசி. அங்கே உட்கார்ந்திருந்த எங்களில் ஒருவருக்கும் இது உறைக்கவில்லை.

சோதனை ஓகோவென்று நடந்தது. நடக்காமல் என்ன செய்யும்? பாதி வீடுகளில் மிக்ஸி ஓடவில்லை, இண்டக்‌ஷன் அடுப்பு எரியவில்லை. சாயங்காலம் ஆனதும் ஃபேன், லைட் எல்லாவற்றையும் அணைத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார்கள். ஸ்டெல்லா கிரைண்டரைக் கழுவி மூடிவிட்டு மகளைப் பார்க்கப் போயிருந்தாள். லேப்டாப்பில் எங்கள் பயன்பாட்டைக் காட்டுகிற கோடு மலைக்கோட்டைப் படி இறங்குகிற மாதிரி இறங்கியது.

"உங்க ஆளுங்க மாதிரி ஒத்துழைப்பு நான் வேற எங்கயும் பார்க்கல சார்" என்றார் கம்பெனிக்காரர். ரங்கராஜன் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. வாட்ஸப் குழுவில் கட்டைவிரல்கள் குவிந்தன. அதில் ஒன்று என்னுடையது.

மறுநாள் கோடு பழையபடி ஏறிக்கொண்டது. இலக்கு மட்டும் ஏறவில்லை, அது ஏகாதசியிலேயே நின்றுவிட்டது. ஆக, எங்கள் குடியிருப்பு இனி தினமும் ஏகாதசி இருந்தாக வேண்டும்.

இதற்கு என்ன வழி? வீடுகளுக்குள் தானாக அணைக்கிற பெட்டி ஒன்றை வைத்துக்கொள்ளலாமா என்று கம்பெனி கேட்டது. கொதித்துப் போனார்கள். மூன்றாம் மாடியில் குழந்தை ஏசி இல்லாமல் தூங்காது. இரண்டாம் மாடியில் வெளிநாட்டுக் கம்பெனியோடு மீட்டிங். ஒருவர் பிரைவசி என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார். சரி, லிஃப்டையாவது நிறுத்தலாமா? மூட்டுவலிக்காரர்கள் எல்லோரும் சட்டென்று எழுந்து நின்றுவிட்டார்கள்.

மிச்சம் இருந்தது பொது லைன். அதில் தண்ணீர் மோட்டார் இருந்தது. ஜெனரேட்டர் அறை என்று கட்டப்பட்ட பாவத்துக்கு, ஸ்டெல்லாவின் கடையும் அதில்தான் இருந்தது.

மெயின் போர்டில் ஒரு வெள்ளைப் பெட்டியை மாட்டினார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு, வெயில் இறங்க ஆரம்பிக்கும்போது, அது அந்த லைனை அணைத்துவிடும். பத்து மணிக்குத்தான் திரும்பப் போடும். நடுவில் யார் போய்க் கேட்டாலும் கேட்காது.

விஷயத்தைச் சொல்ல ரங்கராஜன் சாரே கடைக்கு வந்தார். நான் சம்படத்தோடு நின்றிருந்தேன்.

"ஸ்டெல்லாம்மா, கரண்ட்டை எடுத்து வெச்சுக்க முடியாது. மாவை அரைச்சு எடுத்து வெச்சுக்கலாம் இல்லையா? நீங்க மத்தியானமே அரைச்சு முடிச்சுடுங்கோ. அவ்வளவுதான் விஷயம்."

"சார், இது கத்திரி வெயிலு. மத்தியானம் அரைச்சா கோயிலுக்குப் போனவங்க வர்றதுக்குள்ள பொங்கி வழிஞ்சிடும். காலைல வாயில வைக்க முடியாது, புளிச்சிரும்."

"ட்ரை பண்ணிப் பாருங்கோ. நாடே பண்ணப்போறது."

"நாடு என்ன சார், மாவா விக்குது?" என்றாள் ஸ்டெல்லா. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவரும் சிரித்துவிட்டுப் போனார்.

அவள் முயற்சி செய்யாமல் இல்லை. ராத்திரி பத்து மணிக்கு மேல் அரைத்தால் வாங்க ஆள் விழித்திருக்காது. உச்சி வெயிலில் அரைத்தாள். உப்புப் போடாமல் வைத்தாள். அண்டாவைத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கிவைத்து மேலே ஈரச் சாக்கைப் போட்டாள். அந்த அறைக்கு மேலேதான் முதல் மாடி ஏசிகளின் வெளிப்பெட்டிகள் வரிசையாக இருக்கின்றன. அவை ஊதுகிற அனல் எல்லாம் அவள் ஜன்னலுக்குத்தான் வரும். ஃபிரிட்ஜில் வைத்தால் என்ன என்று கேட்காதீர்கள். கடை ஃபிரிட்ஜும் அதே லைன், நாலு மணிக்கு அதுவும் தூங்கிவிடும்.

அப்புறம் கிரைண்டரில் ஐஸ் போட்டு அரைத்தாள். ஐஸ்கட்டிக்கு எங்கே போவாள்? எங்கள் வீடுகளுக்குத்தான் வந்தாள். நாலைந்து வீட்டு ஃபிரீசர்கள் அவளுக்காக நாள் பூரா ஐஸ் செய்தன. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிற லட்சணம் இது. யாரிடம் போய்ச் சொல்ல?

ரங்கராஜன் சாரைக் குறை சொல்ல முடியாது. மாலை முழுக்க அவர் ஏசி போடாமல், பால்கனியில் விசிறியும் கையுமாக உட்கார்ந்திருப்பார். பனியன் தொப்பலாக நனைந்திருக்கும். அடுத்த அறையில் அவருடைய மகனின் ஏசி ஓடிக்கொண்டிருக்கும். வீட்டுக்கு ஒருவர் தியாகம் செய்தால் போதும் என்று நினைத்தார்களோ என்னவோ.

மாவு புளித்தது. வாட்ஸப் குழு விழித்துக்கொண்டது. இட்லி வாயில் வைக்க முடியவில்லை என்று ஒருவர் எழுதினார். இன்னொருவர், ஸ்டெல்லா இப்போதெல்லாம் பழைய மாவைக் கலந்துவிடுகிறாள் போலிருக்கிறது என்று எழுதினார். அதற்கும் சில கட்டைவிரல்கள் விழுந்தன. வாட்ச்மேன் தன் போனில் அதை அவளிடம் காட்டிவிட்டார்.

"மாவு புளிச்சிருக்குன்னு சொல்லட்டும்க்கா, ஒத்துக்கறேன். பழைய மாவைக் கலக்குறேன்னு எப்படிக்கா எழுதலாம்?" என்று என் வீட்டு வாசலில் நின்று கேட்டாள். உள்ளே வா என்றேன். வரவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேஸ் சிலிண்டர் எப்போது மாற்றினேன் என்று பார்க்க அந்த வாரம் காலண்டரைப் புரட்டினபோதுதான் கண்ணில் பட்டது — சோதனை நடந்த நாளின் கட்டத்தில் சின்ன எழுத்தில் ஏகாதசி. நெற்றியில் அடித்துக்கொண்டேன். இறங்கிப்போய் ஸ்டெல்லாவிடம் சொன்னேன்.

"அன்னிக்கு நான் கடையே தொறக்கலையேக்கா" என்றாள். "தொறக்காத கடையைப் பார்த்தா, இவ்வளவு குறைக்கலாம்னு கணக்குப் போட்டாங்க?"

காலண்டரை அப்படியே கழற்றிக்கொண்டு சங்கக் கூட்டத்துக்குப் போனேன். ரங்கராஜன் சார் வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். மற்றவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது, அவருக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாழ்நாள் முழுக்க நாளும் கிழமையும் பார்த்து மின்சாரக் கணக்குப் போட்டவர் ஆயிற்றே.

"நான்தான் அந்த நாளைச் சொன்னேன்" என்றார் மெதுவாக. "கம்பெனிக்கு எழுதி மாத்திடலாம்."

விட்டார்களா? மூன்றாம் மாடிக்காரர் எழுந்தார். "ஷீல்டு லிஸ்ட்ல நம்ம பேரு வந்திருச்சு சார். இப்பப் போய் நம்மளே தப்புன்னு சொல்லுவோமா? ஒரு மாவுக் கடைக்காக?"

கையைத் தூக்கச் சொன்னார்கள். மாற்ற வேண்டும் என்று நான் தூக்கினேன். ரங்கராஜன் சார் பாதி உயரம் தூக்கினார். பின்வரிசையில் இன்னொரு கை தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது... அந்த அம்மாள் தண்ணீர் எப்போது வரும் என்று கேட்பதற்காகத் தூக்கியிருந்தார்.

அப்புறம் கடை வாசலில் சம்படங்கள் குறைந்துகொண்டே வந்தன. ஒரு சாயங்காலம் என்னுடையது மட்டும்தான் இருந்தது. இருட்டு அறையில் மெழுகுவத்தி ஏற்றிவைத்து உட்கார்ந்திருந்தாள். அண்டாவின் விளிம்பைத் தாண்டி மாவு வழிந்துகொண்டிருந்தது.

"வேணும்கிற அளவு எடுத்துக்கங்கக்கா. தோசையா ஊத்திக்கலாம்."

எடுத்துக்கொண்டு வந்தேன். தோசை புளிப்பாகத்தான் இருந்தது. அந்த வாரமே ஸ்டெல்லா கிரைண்டர்களை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டுக் காலி செய்துவிட்டாள். அதற்கப்புறம் எங்கள் கோடு எப்படி இறங்கியிருக்கும் என்று நான் சொல்லவும் வேண்டுமா? ஷீல்டு உறுதியானது அப்படித்தான்.

விழாவுக்கு மறுநாள் மன்னார்புரத்தில் எனக்கு ஒரு வேலை இருந்தது. வெயில் தாங்காமல் அங்கே ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்குள் நுழைந்தேன். மாவுப் பாக்கெட்டுகள் அடுக்கிய ஃபிரிட்ஜுக்கு முன்னால், கடைக்காரர்கள் கொடுத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள் ஸ்டெல்லா.

"என்னக்கா, நீங்களும் பாக்கெட் மாவுக்கு வந்துட்டீங்களா?"

மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். படிக்கிறாளாம், பார்ட் டைமாக ஒரு கிளினிக்குக்கும் போகிறாளாம். அந்த ஃபிரிட்ஜுக்குக் கதவுகூட இல்லை. குளிர் வெளியே வந்து என் காலைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"இது நிக்கவே நிக்காதுக்கா" என்றாள். "கரண்ட் போனா ஜெனரேட்டர் ஓடும். மாவு புளிக்கவே புளிக்காது."

பாக்கெட்டுகளைச் சரியாக அடுக்கினாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அங்க யாராச்சும் என்னைப் பத்திப் பேசினா, நான் பழைய மாவைக் கலக்கலைன்னு மட்டும் சொல்லிடுங்கக்கா" என்றாள்.

கடை போனது, கிரைண்டர் போனது. அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தச் சொல் மட்டும் அவளை அறுத்துக்கொண்டிருக்கிறது. அதனால் இந்தப் பத்தியைப் படிக்கிற என் குடியிருப்புவாசிகளே, கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்டெல்லா பழைய மாவைக் கலக்கவில்லை. நாம்தான் அவளை மத்தியானம் அரைக்கவைத்தோம்.

எனக்கு ஒன்று மட்டும் புரிந்தது. சாயங்காலத்து மின்சாரத்தை விட்டுக்கொடுங்கள் என்று எல்லோரிடமும்தான் கேட்கிறார்கள். ஆனால் கடைசியில் விட்டுக்கொடுப்பது யாருடைய சுவிட்ச் வெளியே, பிறர் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறதோ அவர்கள்தான். கதவுக்கு உள்ளே சுவிட்ச் வைத்திருக்கிற நாமெல்லாம் கட்டைவிரல் போட்டுவிட்டு ஏசியைக் கூட்டிக்கொள்கிறோம். சூரியன் மேல் குற்றம் இல்லை, கணக்குப் போடுகிறவர்கள் மேலும் முழுக் குற்றம் இல்லை. அதற்காக மனசு ஆறிவிடுமா?

நேற்றுச் சாயங்காலம் கீழே இறங்கினேன். ஸ்டெல்லாவின் அறை வாசலில் ஒரு கார் நின்றிருந்தது. ரங்கராஜன் சாரின் மகன் புதிதாக வாங்கிய எலக்ட்ரிக் கார். அறைச் சுவரில் பச்சையாக ஒரு சார்ஜிங் பாயிண்ட், அங்கிருந்து ஒரு தடித்த ஒயர். ஆபீஸிலிருந்து வந்ததும் மாட்டிவிட்டு மேலே போயிருக்கிறான். ரங்கராஜன் சார் மட்டும் பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

மெயின் போர்டைப் பார்த்தேன். வெள்ளைப் பெட்டி இருந்த இடத்தில் நாலு ஆணி ஓட்டைகள்.

"பெட்டி எங்கே சார்?"

"கழட்டிண்டு போயிட்டா. சோதனை முடிஞ்சுடுத்தாம்." காரின் பக்கம் தலையை ஆட்டினார். "மத்தியானம் சார்ஜ் பண்ணேன்டான்னு சொன்னேன். மத்தியானம் கார் ஆபீஸ்ல இருக்கேப்பாங்கறான். அதுவும் நியாயம்தானே?"

"ட்ரை பண்ணிப் பார்க்கச் சொல்லுங்களேன் சார்" என்றேன்.

அவர் போய் லிஃப்ட் பட்டனை அழுத்தினார். லிஃப்ட் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

இன்றைக்கு ஏகாதசி. ரங்கராஜன் சார் உபவாசம். கார் மட்டும் கீழே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது.